ரொறன்ரோவில் வீட்டு மரத்தைத் தறிப்பதும் பராமரிப்பதும்: முழுமையான வழிகாட்டி

ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட வீடு ஒன்றை வாங்கியவர்களுக்கு, வீட்டோடு சேர்ந்து ஒரு பெரிய மரமும் கிடைத்திருக்கும். பல இடங்களில் அது நோர்வே மேப்பிள். இலையுதிர் காலத்தில் பீலி அடைபடும். டிரைவ்வேயில் வேர் கிளம்பும். பேஸ்மென்டுக்குத் தனி வாசல் வைக்கலாம் என்று நினைத்தால் மரம் சரியாக அந்த இடத்தில் நிற்கும். "எங்கட காணி, எங்கட மரம், சனிக்கிழமை ஆளைப் பிடிச்சுத் தறிச்சு விடலாம்" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ரொறன்ரோவில் அப்படிச் செய்ய முடியாது. பெர்மிட் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட மரத்தைத் தறித்து, குற்றம் நிரூபணமானால், ஒரு மரத்துக்குத் தண்டம் ஆகக் குறைந்தது 500 டொலர், ஆகக் கூடியது 100,000 டொலர்.

பெர்மிட் எப்படி எடுப்பது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. என் அபிப்பிராயத்தில் அது மூன்றாவதாக வர வேண்டியது. அந்த மரம் உண்மையில் யாருடையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அதைத் தறிக்கத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். சண்டையில், வழக்கில், தண்டத்தில் போய் முடிபவை பெரும்பாலும் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்தவர்களின் கதைகள்தான். அதனால் இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கில்தான் போகிறது.

படி 1: சேர்வேயை எடுத்து விரியுங்கள்

வீடு வாங்கியபோது சட்டத்தரணி தந்த கோப்புக்குள் காணியின் சேர்வே, அதாவது எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம், இருக்கும். சில வீடுகளுக்கு இராது. அப்படியானால், எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தில் கை வைக்க முன் ஒரு நில அளவையாளரைக் கூப்பிடுவது வீண் செலவல்ல. வேலியை நம்ப வேண்டாம். முந்தைய சொந்தக்காரர் வசதிக்குப் போட்ட வேலி எல்லையிலிருந்து ஓரடி, இரண்டடி விலகி நிற்பது சாதாரணம்.

சேர்வேயில் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, வீட்டு முன்பக்கம். நடைபாதையின் உள்விளிம்புதான் உங்கள் காணியின் எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வீதிக்கென ஒதுக்கப்பட்ட நிலம் பல தெருக்களில் நடைபாதையைத் தாண்டி உங்கள் புல்தரைக்குள்ளும் சில மீற்றர் வரும். புல்லை வெட்டுவதும் தண்ணீர் விடுவதும் நீங்கள்தான் என்றாலும், அந்த நிலத்தில் நிற்கும் மரம் சிட்டியின் சொத்து. நகரச் சட்டக்கோவையின் 813ஆம் அத்தியாயத்தின்படி சிட்டி மரத்துக்குப் பருமன் வரம்பே கிடையாது. விரல் பருமன் கன்றாக இருந்தாலும் நீங்கள் தறிக்கவோ கிளை வெட்டவோ கூடாது. ஆணி அடிப்பதும், பலகை தொங்கவிடுவதும் கூடாது. கிளை தாழ்ந்து வருகிறது, பட்ட கொப்பு தொங்குகிறது என்றால் சிட்டியின் சேவைத் தொலைபேசி இலக்கமான 311க்கு அழைத்துச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்து இலவசமாகச் செய்வார்கள். உடனே வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆபத்து என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அவை முன்னுரிமை பெறும்.

இரண்டாவது, பக்க எல்லைகளும் பின் எல்லையும். இதைக் கீழே தனியாக விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் கூடிய இடம் அதுதான்.

மூன்றாவது, பள்ளத்தாக்கு. உங்கள் பின்வளவு ஹைலண்ட் க்ரீக், ரூஜ் ஆறு போன்றவற்றின் சரிவை நோக்கி இறங்கினால், அல்லது ஸ்காபரோ பிளஃப்ஸ் விளிம்புக்குக் கிட்ட இருந்தால், 658ஆம் அத்தியாயமும் உங்களுக்குப் பொருந்தக்கூடும். பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்கு நிலத்தில் எந்தப் பருமன் மரமாக இருந்தாலும் பெர்மிட் வேண்டும். மரம் மட்டுமல்ல, மண் கொட்டி நிரப்புவதற்கும் நிலத்தின் மட்டத்தை மாற்றுவதற்கும்கூட வேண்டும். 1954 ஒக்டோபரில் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்ற பிறகுதான் ஆற்றோரங்களில் வீடு கட்டுவதையும் சரிவுகளைக் குலைப்பதையும் இந்த நகரம் கடுமையாகப் பார்க்கத் தொடங்கியது. சரிவில் நிற்கும் மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தறித்தவருடைய பின்வளவுதான் முதலில் சரியும். சிட்டியின் இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் உங்கள் காணி இந்த எல்லைக்குள் வருகிறதா என்று வரைபடத்தில் பார்க்கலாம்.

எல்லை மரம்: பக்கத்து வீட்டுக்காரரும் சொந்தக்காரர்தான்

ஒன்ராறியோவின் வனச் சட்டத்தில் 10ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அடிமரம் இரு காணிகளின் எல்லையில் வளர்ந்தால் அந்த மரம் இரண்டு சொந்தக்காரருக்கும் பொதுச் சொத்து. ஒருவரின் சம்மதம் இல்லாமல் மற்றவர் அதைத் தறித்தாலோ சேதப்படுத்தினாலோ அது குற்றம். இது சிட்டியின் விதி அல்ல, மாகாணச் சட்டம். ஆகவே சிட்டி பெர்மிட் தந்துவிட்டாலும் இது அப்படியே நிற்கும்.

"அடிமரம் எல்லையில்" என்றால் நிலத்தோடு ஒட்டிய இடத்தில் மட்டுமா? 2013இல் ரொறன்ரோ அயலவர்கள் இருவருக்கிடையில் ஒரு நோர்வே மேப்பிள் மரத்தைப் பற்றி நடந்த வழக்கில் இந்தக் கேள்விதான் எழுந்தது. வேர்க்கழுத்திலிருந்து, அதாவது அடிமரம் வேராக விரியும் இடத்திலிருந்து, முதற்கிளை பிரியும் இடம் வரை எல்லாமே அடிமரம்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதன் பொருள் என்ன? மரம் முழுக்க உங்கள் பக்கம் முளைத்திருந்தாலும், அது பருத்துச் சரிந்து, இடுப்பு உயரத்தில் அடிமரம் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அது கூட்டுச் சொத்து. யார் நட்டார், யார் தண்ணீர் விட்டார் என்பது கணக்கில் வராது.

அடிமரம் முழுக்க அடுத்த வளவில் இருந்து, கிளை மட்டும் உங்கள் பக்கம் நீண்டால்? எல்லைக்கோடு வரை உங்கள் பக்கத்துக் கிளையை உங்கள் செலவில் வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. அவருடைய காணிக்குள் சம்மதம் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மரத்தின் உயிருக்குச் சேதம் வரும்படியும் வெட்டக் கூடாது. அப்படி வெட்டினால் 813ஆம் அத்தியாயம் சொல்லும் "சேதப்படுத்தல்" உங்கள் தலையில் விழும். வேருக்கும் இதே கதைதான்.

யாழ்ப்பாணத்தில் வேலிக் கதிகாலுக்காகத் தலைமுறைகளாக நடந்த வழக்குகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. வேறுபாடு, இங்கே அயலவரோடு பேசுவதற்கு நமக்கு மொழியும் பழக்கமும் சில வேளை குறைவு. அதனால் பேசாமலே வேலையைத் தொடங்கி விடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கதவைத் தட்டி, "இந்த மரம் பற்றி ஒருக்கா கதைக்கலாமா" என்று தொடங்குங்கள். ஆர்பரிஸ்ட் (மரங்களைச் சோதித்துப் பராமரிக்கும் தொழிலாளர்) வரும் நாளில் அயலவரையும் கூப்பிடுங்கள். அறிக்கையின் பிரதியைக் கொடுங்கள். செலவைப் பகிரச் சம்மதித்தால் யார் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாய்ச் சொல் போதாது, அவர் வீட்டை விற்றுவிட்டுப் போனால் புதியவருக்கு அந்தச் சொல் தெரியாது. எல்லை மரத்தைத் தறிக்க சிட்டிக்கு விண்ணப்பிக்கும்போதும் மற்றச் சொந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் கேட்பார்கள்.

படி 2: அளவு நாடாவைச் சுற்றுங்கள்

மரம் உங்களுடையதுதான், பள்ளத்தாக்கு எல்லைக்குள்ளும் இல்லை என்றால் அடுத்தது அளவு. ரொறன்ரோவில் தனியார் காணி மரத்துக்கு வரம்பு, நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல். விட்டத்தை நேராக அளப்பது கஷ்டம். தையல் நாடாவை அந்த உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்றளவு 94 செ.மீ.யைத் தொட்டால், அதாவது 37 அங்குலம், அது பாதுகாக்கப்பட்ட மரம். 92, 93 என்று வந்தால் நீங்களே தீர்மானிக்க வேண்டாம், ஆர்பரிஸ்ட் அளந்து எழுதித் தரட்டும். 1.4 மீற்றருக்குக் கீழேயே இரண்டு மூன்றாகப் பிரியும் மரத்துக்கும் அப்படியே. வரம்புக்குக் கீழே உள்ள மரத்தைத் தறிப்பதானால், நாடா தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மரம் போன பிறகு அயலவர் ஒருவர் முறையிட்டால் அந்தப் படம்தான் உங்கள் சாட்சி.

ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் சொன்னார் என்று மற்ற நகரங்களில் இந்த அளவை நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு நகரத்துக்கும் தனி பைலா. மார்க்கம், வோன், ரிச்மண்ட் ஹில் ஆகியவற்றில் வரம்பு 20 செ.மீ. விட்டம், அதாவது ஏறக்குறைய 63 செ.மீ. சுற்றளவு. மிசிசாகாவில் 2023 மார்ச் முதல் 15 செ.மீ., சுற்றளவில் 47. ரொறன்ரோவின் வட எல்லையான ஸ்டீல்ஸ் தெருவின் ஒரு பக்கத்தில் பெர்மிட் தேவையில்லாத மரத்துக்கு மறு பக்கத்தில் பெர்மிட் வேண்டும். பிராம்ப்டன், ஏஜாக்ஸ், விற்பி என்று வேறிடங்களில் இருப்பவர்கள் தங்கள் நகரத்தின் விதியைத் தனியாகக் கேட்டு அறியுங்கள். இந்த வழிகாட்டியின் மிச்சம் முழுக்க ரொறன்ரோ விதிகளைப் பற்றியது.

படி 3: தறிக்கத்தான் வேண்டுமா?

ஆரோக்கியமான மரத்துக்கு சிட்டி எளிதில் பெர்மிட் தராது. இலை கொட்டுகிறது, விதை முளைக்கிறது, பறவை எச்சமிடுகிறது, பூந்தாதில் தும்மல் வருகிறது, மரக்கறித் தோட்டத்துக்கு வெயில் படவில்லை என்பவை காரணமாக எடுபடா. கழிவுக்குழாய்க்குள் வேர் போகிறது என்பதும் பெரும்பாலும் எடுபடாது. வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு போவதில்லை. பழைய களிமண் குழாயில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பின் ஈரத்தைத் தேடித்தான் போகிறது. மரத்தைத் தறித்தாலும் வெடித்த குழாய் வெடித்த குழாய்தான். குழாயை மாற்றுவதே தீர்வு.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2018 ஆய்வின்படி ரொறன்ரோவில் மர நிழல் நகரத்தின் பரப்பில் 28.4 சதவீதம். 2050க்குள் அதை 40 சதவீதமாக்க வேண்டும் என்பது நகரின் இலக்கு. மரங்களில் பெரும்பங்கு நிற்பது பூங்காக்களில் அல்ல, தனியார் காணிகளில். இதற்கிடையில் 2007இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு நகரின் ஆஷ் மரங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. 2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலும் ஏராளமான மரங்களை முறித்தது. ஜூலை மாத வெக்கையில் மரமுள்ள தெருவிலும் மரமில்லாத தெருவிலும் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த இலக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

உங்கள் பிரச்சினை கூரையை உரசும் கிளையா, இருட்டா, காற்றுக்கு ஆடும் பெரிய கொப்பா? முறையான கவ்வாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிச் சீராக்குவது, அதில் பெரும்பகுதியைத் தீர்க்கும், அதற்குப் பெர்மிட் தேவையில்லை. தொழில்முறைத் தரத்தில் செய்யப்பட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒரே முறையில் பச்சைக் கிளைகளில் காற்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரத்தில் அதைவிடக் குறைவாக. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் புடைத்த வளையம் ஒன்று தெரியும். அந்த வளையத்தை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். கிளையின் கட்டைத் துண்டு நீட்டி நிற்கும்படியும் விடக் கூடாது. வெட்டிய இடத்தில் பெயின்ற் பூசத் தேவையில்லை.

மரத்தின் தலையை ஒட்டவெட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "மேலே வெட்டிவிட்டால் பாதுகாப்பு" என்று சொல்லிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வெட்டிய இடத்தில் உக்கல் இறங்கும். அதைச் சுற்றி முளைக்கும் புதுக் கொப்புகள் வேகமாக உயரும், ஆனால் பிடிப்பு இராது. சில வருடங்களில் அவைதான் புயலில் முறிந்து விழும். சிட்டியின் கண்ணிலும் அது கவ்வாத்து அல்ல, சேதப்படுத்தல்.

காலம் என்று கேட்டால் குளிர்காலத்தின் பின்பகுதி, இலை இல்லாதபோது பெரும்பாலான மரங்களுக்கு நல்லது. மேப்பிள் அப்போது நீர் வடிக்கும், அதனால் தீங்கில்லை. ஓக் மரத்தைக் குளிர்காலத்தில் மட்டுமே வெட்டுங்கள். ஓக் வாடல் நோய் 2023இல் நயாகரா ஃபோல்ஸில் உறுதி செய்யப்பட்டது. கோடையில் புதுக் காயத்தின் வாசனைக்கு வரும் வண்டுகள் அந்தப் பூஞ்சையைக் காவி வரும்.

படி 4: பட்ட மரமும் ஆபத்தான மரமும்

மரம் பட்டுவிட்டது, பிழைக்காத நோய் பிடித்துவிட்டது, அல்லது உடனே விழக்கூடிய நிலையில் இருக்கிறது என்றால் பெர்மிட் தேவையில்லை. ஆனால் அந்த முடிவை எடுப்பவர் நீங்கள் அல்ல. படங்களோடு, தேவையானால் ஆர்பரிஸ்ட் அறிக்கையோடு, சிட்டியின் நகர்ப்புற வனப் பிரிவுக்கு அனுப்பி, விலக்கு உண்டு என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் வேலை. அதற்குக் கட்டணம் இல்லை. ஏப்ரலில் இலை வரவில்லை என்பதற்காக மரம் பட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில இனங்கள் ஜூன் நெருங்கும்போதுதான் முழுதாகத் துளிர்க்கும்.

புயல் நேரம் வேறு விடயம். 2022 மே 21இல் அடித்த புயற்காற்று தெற்கு ஒன்ராறியோவில் ஒரே பிற்பகலில் எத்தனையோ மரங்களைச் சாய்த்தது. மரம் பிளந்து வீட்டின் மேலே தொங்குகிறது என்றால் பெர்மிட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆளைக் கூப்பிடுங்கள். வெட்டத் தொடங்க முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள், பிளவையும் உக்கலையும் கிட்ட நின்று, ஆனால் பாதுகாப்பாக. வெட்டிய துண்டுகளில் நோய் தெரியும் ஒன்றை வைத்திருங்கள். அடுத்த வேலை நாளில் சிட்டிக்கு அறிவியுங்கள். அதே படங்கள் வீட்டுக் காப்புறுதிக்கும் உதவும்.

படி 5: ஆர்பரிஸ்ட், விண்ணப்பம், காத்திருப்பு

ஒன்ராறியோவில் ஆர்பரிஸ்ட் தொழிலுக்குக் கட்டாய உரிமம் இல்லை. சங்கிலி வாளும் பிக்கப் டிரக்கும் வைத்திருக்கும் யாரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ஆகவே நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். ஐஎஸ்ஏ எனப்படும் சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ் இலக்கத்தைக் கேட்டு, அந்தச் சங்கத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். டபிள்யூஎஸ்ஐபி எனப்படும் வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபையின் சான்றையும் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தையும் கேளுங்கள். மரத்திலிருந்து விழுந்தவருக்கு இவை இல்லாவிட்டால் வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரக்கூடும். மரத்தைப் பார்க்காமலே தொலைபேசியில் "தறிக்கத்தான் வேண்டும்" என்பவரும், பெர்மிட் தேவையில்லை, ஞாயிறு காலையில் முடித்துவிடலாம் என்பவரும் வேண்டாம். முடிந்தால் அறிக்கை எழுதுபவர் ஒருவராகவும் தறிப்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும். தறிப்பதில் வருமானம் இல்லாதவர் மரத்தை மரமாகவே பார்ப்பார்.

விண்ணப்பத்தில் போக வேண்டியவை: நிரப்பிய படிவம், மரத்தின் இனம், விட்டம், நிலை, காரணம் எல்லாம் எழுதிய ஆர்பரிஸ்ட் அறிக்கை, படங்கள், மரங்களைக் காட்டும் காணி வரைபடம், மாற்றாக எங்கே எந்த மரம் நடுவீர்கள் என்ற திட்டம், எல்லை மரமானால் மற்றவரின் சம்மதக் கடிதம், கட்டணம். கட்டணம் ஒவ்வொரு ஆண்டும் மாறும். கட்டட வேலைக்காகத் தறிப்பதற்கு மற்றவற்றைவிடக் கூட. இங்கே குறை விடுவதுதான் தாமதத்துக்கு முதற்காரணம். அறிக்கையில் இல்லாத ஒரு மரம் படத்தில் தெரிந்தாலே திருப்பி அனுப்பிக் கேள்வி கேட்பார்கள்.

ஆரோக்கியமான மரம் என்றால் வீட்டு முன்னால் ஓர் அறிவித்தல் பலகையை 14 நாள் வைக்க வேண்டும். தெருவில் உள்ளவர்கள் கருத்துச் சொல்லலாம். உங்கள் தொகுதி நகரசபை உறுப்பினரிடமும் போகும். ஆகவே ஒப்பந்தகாரருக்குத் திகதி கொடுத்துவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். வசந்தத்தில் வேலை என்றால் இலையுதிர் காலத்திலேயே தொடங்குங்கள்.

பெர்மிட் கிடைத்தால் நிபந்தனையோடுதான் வரும். வழமையாக, தறிக்கும் ஒரு மரத்துக்குப் பதில் ஒரு மரம். கட்டட வேலைக்காகத் தறித்தால் ஒன்றுக்கு மூன்று. வளவில் இடமில்லை என்றால் நடுவதற்குப் பதில் பணம் கட்டலாம். ஒரு மரத்துக்கு 583 டொலர் என்பது பல ஆண்டுகளாக இருந்துவந்த கணக்கு. மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அது உங்கள் பகுதியின் சமூக சபைக்குப் போகும். ஸ்காபரோவுக்கு ஸ்காபரோ சமூக சபை. அங்கே போகும்போது கோபத்தைவிட இன்னொரு ஆர்பரிஸ்ட்டின் அறிக்கை உதவும்.

கட்டட வேலை செய்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள்

தறிக்காமலே தண்டம் வாங்கும் வழி இது. நம்மவர் வீடுகளில் நடக்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: டிரைவ்வேயை அகலமாக்கி இன்ரர்லொக் போடுவது, பேஸ்மென்டுக்குப் பக்கவாசல் தோண்டுவது, பின்னால் அறை கூட்டுவது, 2022 முதல் அனுமதிக்கப்படும் பின்வளவுச் சிறு வீடு கட்டுவது. எல்லாமே மண்ணைத் தோண்டும் வேலை. மரத்தின் வேர் நாம் நினைப்பதுபோல ஆழத்தில் இல்லை. பெரும்பகுதி மேல்மண்ணில், கிளை விரிவையும் தாண்டிப் படர்ந்து கிடக்கிறது. ஒரு பக்க வேரை இயந்திரம் கிழித்துவிட்டால் மரம் அந்த வருடம் பச்சையாகத்தான் நிற்கும். மூன்று, நான்கு வருடத்தில் உச்சியிலிருந்து பட்டு வரும். அப்போது ஒப்பந்தகாரர் எங்கே இருப்பார் என்று தெரியாது.

அதனால் சிட்டி ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு பாதுகாப்பு வலயம் வைத்திருக்கிறது. விட்டம் 30 முதல் 40 செ.மீ. என்றால் அடிமரத்திலிருந்து 2.4 மீற்றர், 41 முதல் 50 என்றால் 3 மீற்றர், 51 முதல் 60 என்றால் 3.6 மீற்றர். ஏறக்குறைய விட்டத்தின் ஆறு மடங்கு என்று மனத்தில் வையுங்கள். அந்த வட்டத்துக்குள் தோண்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது, செங்கல் அடுக்கக் கூடாது, வாகனம் ஓட்டக் கூடாது, சீமெந்து கழுவிய தண்ணீர் ஊற்றக் கூடாது. இவற்றில் எதைச் செய்தாலும் "சேதப்படுத்தல்", அதற்கு முன்கூட்டியே பெர்மிட் வேண்டும். வேலை தொடங்க முன்பே ஒட்டுப்பலகைத் தடுப்பு நிற்க வேண்டும், கடைசி நாள் வரை.

கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு மரங்கள் பற்றிய பிரகடனப் படிவமும் கொடுக்க வேண்டும். அதில் உங்கள் மரங்கள் மட்டுமல்ல, வேலை நடக்கும் இடத்திலிருந்து 6 மீற்றருக்குள் நிற்கும் அயலவர் மரங்களும் சிட்டி மரமும் வர வேண்டும். பள்ளத்தாக்குப் பகுதியானால் இந்தத் தூரம் 12 மீற்றர். "மரம் இல்லை" என்று ஒப்பந்தகாரர் நிரப்பி நீட்டும் தாளில் வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கட்டட அனுமதி கிடைத்துவிட்டது என்பது மர பெர்மிட் கிடைத்ததற்குச் சமமல்ல, இரண்டும் வேறு வேறு. வரைபடம் கீறுபவரிடம் போகும் முதல் நாளே மரங்களின் இடத்தைச் சொல்லுங்கள். வாசலை இரண்டு மீற்றர் தள்ளி வரைவது தாளில் செலவில்லாத வேலை.

படி 6: தறிக்கும் நாள்

பெர்மிட்டின் பிரதி வீட்டு முன் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். வாளின் சத்தம் கேட்டு யாராவது 311க்கு அழைப்பார்கள் என்று எதிர்பாருங்கள். அது அவர்கள் உரிமை.

ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் முடிவு வரை கூடு கட்டும் காலம். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் குலைப்பது 1994ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி குற்றம். ரொபின் பறவையும் அதில் அடக்கம். அந்த மாதங்களில் வெட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் மரத்தை நன்றாகப் பாருங்கள்.

மின்கம்பிக்கு 3 மீற்றருக்குள் நீங்களோ சாதாரண வேலையாளோ போகக் கூடாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பிக்குப் பக்கத்தில் வேலை என்றால் ரொறன்ரோ ஹைட்ரோவுக்கு முன்பே அழைத்து மின்னைத் துண்டிக்கச் சொல்லுங்கள். அடிக்கட்டையை அரைத்தெடுக்கவும் புது மரத்துக்குக் குழி தோண்டவும் முன், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிட ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்க வேண்டும். இலவசம்தான், ஐந்து வேலை நாள் முன்கூட்டியே. எரிவாயுக் குழாயும் தொலைபேசிக் கம்பியும் எங்கே போகின்றன என்று நிறம் பூசிக் காட்டிவிட்டுப் போவார்கள்.

படி 7: நடுவதும் வளர்ப்பதும்

மாற்று மரமாக நோர்வே மேப்பிளை மறுபடி நடாதீர்கள். அது பள்ளத்தாக்குகளில் பரவி உள்ளூர் இனங்களை நெருக்குகிறது. இடம் இருந்தால் சிவப்பு ஓக், பர் ஓக், ஹக்பெரி போன்ற நிழல் மரங்கள். கம்பிக்குக் கீழே, ஒடுங்கிய வளவில் சேர்விஸ்பெரி அழகு, ஜூனில் பழமும் உண்டு. முன்பக்கச் சிட்டி நிலத்தில் மரம் வேண்டும் என்றால் 311இல் கேளுங்கள், இலவசமாக நட்டுத் தருவார்கள். பின்வளவுக்கு லீஃப் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு ஆலோசனையோடு மானிய விலையில் நட்டுத் தருகிறது.

நடும்போது வேர்க்கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். கன்றை ஆழமாக நட்டு மெலிய விடுவது இங்கே பரவலான பிழை. மரச் சிராயை 5 முதல் 10 செ.மீ. தடிப்பில் பரப்புங்கள், அடிமரத்தைத் தொடாமல். கூம்பாகக் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும், எலி கறிக்கும். முதல் இரண்டு மூன்று கோடைக்குக் கிழமைக்கு ஒரு தரம், மெதுவாக, நிறையத் தண்ணீர். தினம் கொஞ்சம் தெளிப்பது வேரை மேலேயே வைத்திருக்கும். குளிர்காலத்தில் டிரைவ்வே உப்புக் கலந்த பனியை மரத்தடியில் குவிக்காதீர்கள். கட்டிய தாங்குகம்பை ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள், மறந்தால் கயிறு பட்டையை அறுத்துவிடும்.

சிட்டி ஆள் வந்து மாற்று மரம் நடப்பட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். பட்டுப்போனால் மறுபடி நட வேண்டியது நீங்கள்தான். நாற்று வாங்கிய பற்றுச்சீட்டு, நட்ட நாளின் படம், பெர்மிட், ஆர்பரிஸ்ட் அறிக்கை, சேர்வே எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சட்டத்தரணி அதைக் கேட்கக்கூடும்.